கைராசி பார்த்து ஓடும் பெட்டி

ராசி என்று ஒன்று நம் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் லேசில் இறங்காது. வந்த விருந்தாளிகூட நாலு நாளில் மூட்டையைக் கட்டிவிடுவான். ராசி கட்டாது. அதிலும் நல்ல ராசியாக இருந்துவிட்டால் தொலைந்தோம். கெட்ட ராசிக்காரி என்றால் போய்த் தொலை என்று வாசலைத் திறந்துவிடுவார்கள். கைராசிக்காரியை யார் விடுவார்கள்?

டிரைவர் வீட்டு மருமகளுக்கு வாய்த்தது நல்ல ராசி. சமையலிலா, செடி வைப்பதிலா என்று கேட்பீர்கள். இல்லை. டிவிடி எழுதுவதில்.

சிரிக்க வேண்டாம், கதையைக் கேளுங்கள்.

டிரைவர் அவளுடைய மாமனார். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் தெருவுக்கே அவர் டிரைவர்தான். தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். மலை ரோடு, மண் ரோடு, ஒற்றைப் பாலம் எதையும் விட்டுவைக்காதவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷர் வீட்டு மாடிப்படியில் கால் தவறி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்ததோடு சரி, அப்புறம் தெருவின் மண்ணை அவர் மிதிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவரும் அதில் வழியும் தண்ணீர்க் குழாயும் தெரியும். அதை ஒரு மனிதன் எத்தனை நாள் பார்ப்பான்?

கத்தினார். தட்டைத் தள்ளிவிட்டார். ஒருநாள் வீட்டில் யாரும் பார்க்காத நேரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டார். கீழ்வீட்டுக்காரி பார்த்துக் கூச்சல் போட்டிராவிட்டால் மிச்சமிருந்த எலும்பும் போயிருக்கும்.

அப்போதுதான் டெப்போவிலிருந்து அவரைப் பார்க்க வந்த ஒரு டிரைவர் ஒரு காரியம் செய்தார். தன் பேருந்தின் முன்கண்ணாடியில் செல்போனை மாட்டி, போகிற வழியெல்லாம் படம் பிடித்து, ஒரு மெமரி கார்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ‘சார் ரோட்டைப் பாத்து நாளாச்சு, பாக்கட்டும்’ என்றார். நல்ல மனுஷர். அன்றிலிருந்து வாரம் தவறாமல் கார்டு வந்தது.

கார்டு வந்தது, சரி. பார்ப்பது எதில்? அந்த வீட்டிலிருந்த டிவிடி பிளேயர், அந்த மாதிரிப் பெட்டிகள் முதன்முதலாகக் கடைக்கு வந்த காலத்தில் டிரைவர் ஆசைப்பட்டு வாங்கியது. தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். கார்டு சொருக இடம் கிடையாது, வேறெதையும் சொருகவும் இடம் கிடையாது. டிஸ்க் போட்டால் கர்ரென்று தொண்டையைச் செருமி, பிடித்தால் ஓடும். பிடிக்காவிட்டால் ‘நோ டிஸ்க்’ என்று பச்சை எழுத்தில் காட்டும். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சாப்பிடவில்லை என்று சொல்கிற பிள்ளை மாதிரி. மகன் புதுசாக ஒன்று வாங்கி வந்தான். டிரைவர் அதன் ரிமோட்டைக் கையில்கூடத் தொடவில்லை. “பழகின வண்டிய விட்டுட்டுப் புதுசுல ஏறினாத்தான் விபத்து” என்று சொல்லிவிட்டார். புதுப்பெட்டி வந்த அட்டையோடு திரும்பிப் போனது.

ஆகவே கார்டில் இருக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு டிஸ்க்கில் எழுதித்தான் ஆக வேண்டும். மகள் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதிக் கொண்டுவந்தாள். நோ டிஸ்க். மகன் ஒரு கடையில் கொடுத்து எழுதி வாங்கி வந்தான். அதுவும் நோ டிஸ்க். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த மருமகள், கதவுக்குப் பின்னாலிருந்த பழைய கம்ப்யூட்டரில் தானே ஒன்றை எழுதிப் போட்டாள். பெட்டி கர்ரென்றது. ரோடு வந்தது.

டிரைவர் வலது காலைத் தரையில் அழுத்தி மெல்ல விட்டார். கை தானாக மேலே எழுந்து இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் நிற்க, “இதான்யா கைராசிங்கறது” என்றார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அவள் அதைச் சொல்லவும் செய்தாள். மற்ற இரண்டு டிஸ்க்கின் உறையிலும் டிவிடி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பிளஸ் என்று போட்டிருந்தது, அவள் வாங்கியதில் மைனஸ் என்று இருந்தது, இந்த மாதிரிப் பழைய பெட்டிக்கு மைனஸ்தான் ஒத்துவரும் என்று எங்கோ படித்திருந்தாள். அவ்வளவுதான் விஷயம். யார் கேட்டார்கள்?

“மைனஸ்னா கொறச்சல்னுதானே அர்த்தம்? கொறச்சலானது ஓடுமாம், கூடுதலானது ஓடாதாம். நல்லா கதை விடறே” என்றான் கணவன். கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிற நாத்தனாரோ, “எங்க ஆபீஸ்ல மைனஸ் போட்டா நஷ்டம்னு அர்த்தம். நல்லதைச் சொன்னா ஏத்துக்கயேன்மா, உனக்குக் கைராசி” என்று முடித்துவிட்டாள். மருமகளுக்கும் உள்ளுக்குள் இனித்தது. இல்லாமலா? புகுந்த வீட்டில் வந்த சில நாளிலேயே ஒரு பெயர் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? டிரைவர் அவளை ‘கைராசி’ என்றே கூப்பிட ஆரம்பித்தார். அவளும் ‘இதோ மாமா’ என்று போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

எழுதிவைத்த டிஸ்க்கையே திரும்பத் திரும்பப் போட்டால் போதாதா என்றால், போதாது. “ஒரே நாய் எத்தனை தடவைம்மா குறுக்க வரும்? அது எந்தத் திருப்பத்துல வரும்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் ஓட்டறதுல என்ன இருக்கு?” என்று கேட்டார் டிரைவர். நியாயமான கேள்விதான். ஆகவே வாராவாரம் புது ரோடு, புது டிஸ்க். அவள் எழுதுவாள், போடுவாள், பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து துணி மடிப்பாள். “வளைவு வருது மாமா, மெதுவா” என்பாள். “நீ பேசாம வா, எனக்குத் தெரியும்” என்பார் அவர். பகல் பொழுது அப்படிப் போயிற்று. மற்றவர்கள் டிஸ்க் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் ஜோலிக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக் கதவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு முன்னால் அவள் என்று போய்க்கொண்டிருந்த நாளில் அந்தப் போன் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்த்தவள். மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்செடுத்து, தேய்த்து மெருகேற்றுகிற வேலை. மனிதர் முகத்தைப் பார்க்காமலே அவர் கடிக்கிற விதத்தைச் சொல்லிவிடுவாள். லேபை நடத்துகிற அம்மாள்தான் பேசினாள். வேறொரு ஊரில் பெரிய லேப், பீங்கான் பல் செய்யக் கற்றுத் தருகிறார்கள், ஒரு வருஷம், தங்க இடம் கொடுத்துச் சம்பளமும் உண்டு. இடம் ஒன்றுதான் இருக்கிறது. “உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. இல்லன்னா அடுத்தவளுக்குப் போயிடும். இது முடிஞ்சா நீயே தனியா லேப் வைக்கலாம்டீ” என்றாள்.

போனை வைத்தபோது அவள் விரல்கள் எதையோ செதுக்குவதுபோல அசைந்துகொண்டிருந்தன. எத்தனை நாள் ஆசை! அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

“தாராளமா போ. யார் வேணாங்கறா?” என்றான் கணவன். “சமையலை நான் பாத்துக்கறேன். மத்தியானம் அக்கா வந்து சாப்பாடு குடுத்துடுவா. ஆனா, அப்பாவுக்கு டிஸ்க்?”

“எழுதறது எப்படின்னு சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்.”

“கைராசி சொல்லிக் குடுத்து வருமா?” என்றாள் நாத்தனார். தம்பியைவிட மூத்தவள், அடுத்த தெருவில் வீடு. “அன்னைக்கு நான் எழுதினது ஓடலயே. இவன் கொண்டுவந்தது ஓடலயே.”

“அப்ப நான் அங்கேர்ந்து எழுதி அனுப்பறேன் அண்ணி.”

“இங்கேர்ந்து கார்டு அங்க போயி, அங்கேர்ந்து டிஸ்க் இங்க வந்து சேர்றதுக்குள்ள அப்பா ரெண்டு தடவை படிக்கட்டுல உருண்டிருப்பாரு. அந்தப் பாவத்தை யார் சுமக்கறது? நீ சுமப்பியா?”

டிவி அணைந்திருந்தது. அணைந்த டிவியைப் பார்த்தபடி டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. சண்டைக்கு வந்தால் சண்டை போடலாம். ‘நீ இல்லாம இந்த வீடு ஓடாது’ என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கட்டிப்போட்டால் யாரோடு மல்லுக்கட்டுவது? சரி, இவர்களுக்கு நிரூபித்துத்தான் காட்ட வேண்டும் என்று முடிவுசெய்தாள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துத் தான் எழுந்து நின்றுகொண்டாள்.

“மைனஸ் டிஸ்க்தான் வாங்கணும் அண்ணி. வேகத்தைக் குறைச்சு வெச்சுக்குங்க, அவசரப்பட்டா இந்தப் பெட்டிக்குப் புரியாது. எழுதி முடிச்சதும் கடைசியில டிஸ்க்கை மூடிட்டு இருக்கேன்னு கம்ப்யூட்டர் காட்டும். அது மூடி முடிக்கிற வரைக்கும் வெளிய எடுக்காதீங்க. மூடாத டிஸ்க்கை இந்தப் பெட்டி மட்டுமில்ல, எந்தப் பெட்டியும் சரியா படிக்காது.”

நாத்தனார் தன் கையாலேயே எழுதினாள், தன் கையாலேயே போட்டாள். கர்ரென்றது, ரோடு வந்தது. மருமகளுக்கு மூச்சு வந்தது.

“பாத்தீங்களா அண்ணி?”

“நீதான் பக்கத்துலயே நின்னியே” என்றாள் நாத்தனார். “நீ நின்ன காத்துக்கு ஓடிடுச்சு.”

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்வது? பக்கத்தில் நின்றால் ராசி வேலை செய்கிறது, நிற்காவிட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கடைசியில் நாத்தனாரே ஒரு சோதனை வைத்தாள். புதன்கிழமை காலையில் மருமகள் வீட்டில் இருக்கக் கூடாது. தெருவிலும் இருக்கக் கூடாது. பூங்காவில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நாத்தனார் தனியாக எழுதிப் போட்டுவிட்டு ஆபீஸ் போவாள். ஓடினால் மருமகள் ஊருக்குப் போகலாம்.

அவள் பூங்காவில் உட்கார்ந்து எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சின் கீழே ஏதோ ஒரு பூச்சியை இழுத்துக்கொண்டு அவை போன வேகத்தைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் டிரைவர் மட்டும்தான். டிவி இருட்டாக இருந்தது. பெட்டியின் தட்டு நாக்கை நீட்டியதுபோல வெளியே வந்திருந்தது, அதில் நாத்தனார் எழுதிய டிஸ்க்.

“என்ன மாமா?”

“நோ டிஸ்க்குங்குதும்மா” என்றார், ரிமோட்டைப் பார்த்தபடி. “அவ போட்டுட்டு ஓடிட்டா. கொஞ்ச நேரம் கர்ருன்னுது, அப்புறம் நோ டிஸ்க். எடு அதை, எடுத்துத் தூரப் போடு.”

ஆபீஸுக்கு நேரமாகிறதென்று மூடி முடிக்கும் முன்னால் எடுத்திருப்பாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். டிஸ்க்கை உறையில் போட்டு மேஜை மேல் வைத்தாள். மத்தியானம் டிரைவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் வாக்கரைப் பிடித்து எழுந்து வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். வந்து பார்த்த நாத்தனார் அழுதேவிட்டாள். “நான் முழுசா மூடித்தான்மா எடுத்தேன், சத்தியமா. என் கை விளங்காத கை” என்றாள். கணவன் மனைவியைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ராசி வரவில்லையென்றால் போகட்டும், தன் ராசியைக் கெடுத்துக்கொண்டால்? தன் கையாலேயே, எல்லாரும் பார்க்க, ஓடாத டிஸ்க் ஒன்றை எழுதிப் போட்டால்? கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் அல்லவா? கிழவர் ஒரு நாள் கஷ்டப்படுவார். ஒரு நாள்தானே, அடுத்த நாளே சரியானதை எழுதிக் கொடுத்துவிடலாம். இப்படி மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, வியாழக்கிழமை கடைக்குப் போய்ப் பிளஸ் டிஸ்க் வாங்கி வந்தாள். இந்த வீட்டில் பிளஸ் ஓடினதாகச் சரித்திரமே இல்லை.

சாயங்காலம் எல்லாரும் இருந்தார்கள். டிஸ்க்கை எழுதி, உறையைத் தெரிகிற மாதிரி மேஜையில் வைத்துவிட்டுத் தட்டில் போட்டுத் தள்ளினாள். பெட்டி கர்ரென்றது. டிரைவர் காலை முன்னால் நீட்டித் தயாராக வைத்துக்கொண்டார். அவள் உறையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திவைத்தாள். ‘மாமா, மன்னிச்சிடுங்க’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ரோடு வந்தது.

மழை பெய்து ஓய்ந்த, பளபளவென்ற ரோடு. டிரைவர் முதல் கியரைப் போட்டார்.

“ஏறு கைராசி, உட்காரு” என்றார்.

நாத்தனார்தான் உறையைக் கவனித்தாள். “இங்க பாருடா, பிளஸ்! ஓடாதுன்னாங்களே, அதையும் ஓட வெச்சுட்டாடா.”

“அப்பறம் என்ன” என்று சிரித்தான் கணவன். “பிளஸ்ஸாவது மைனஸாவது. அவ கை பட்டா தகரத்தைக்கூட ஓட்டிடுவா. இவளை எப்படி அனுப்பறது?”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒருவேளை நிஜமாகவே கைராசிதானோ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. அந்த எண்ணம்தான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. கையை வெட்டியா போட முடியும்?

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கீழே விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியபடியே அவள் சொன்னதைக் கேட்டார்.

“உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல எழுதறீங்க இல்ல? அதுல இருக்கிற டிஸ்க் எழுதற டிரைவ் ஒரு தனி ரகம்” என்றார். “ஒவ்வொரு டிஸ்க்லயும் நான் இன்ன ஜாதின்னு முதல்ல ஒரு குறிப்பு இருக்கும்மா. சில டிரைவ் என்ன பண்ணும்னா, பிளஸ் டிஸ்க்ல எழுதறப்ப, நான் கடையில விக்கிற சினிமா டிஸ்க்னு பொய்க் குறிப்பு போட்டுடும். பழைய பிளேயர் நம்பி ஓட்டிடும். உங்க நாத்தனார் ஆபீஸ் டிரைவும், அந்தக் கடை டிரைவும் அப்படிப் போடாது, அதான் அதெல்லாம் ஓடல.”

“அப்ப எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல யார் எழுதினாலும் ஓடுமா? பிளஸ், மைனஸ் எதுவா இருந்தாலும்?”

“ஒழுங்கா மூடி எடுத்தா குரங்கு எழுதினாக்கூட ஓடும். அந்தத் திருகாணி உங்க செருப்புக்குப் பக்கத்துல இருக்கா பாருங்க.”

இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பாதி வழி வந்த பிறகுதான் கால் நின்றது. யார் எழுதினாலும் ஓடும். புதன்கிழமை நாத்தனார் எழுதியதும் இதே கம்ப்யூட்டரில்தான். முழுசா மூடித்தான் எடுத்தேன் என்று சத்தியம் வேறு செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மேஜை மேலிருந்த உறையை எடுத்தாள். நாத்தனாரின் குண்டுக் கையெழுத்தில் ‘புதன்’ என்று எழுதியிருந்தது. டிரைவர் பார்த்துக்கொண்டே இருக்க, டிஸ்க்கைத் தட்டில் வைத்துத் தள்ளினாள். பெட்டி கர்ரென்றது. ரோடு வந்தது. இரண்டு பக்கமும் மரம், நடுவில் வெயில், நேராக ஒரு ரோடு.

அவர் கால் அசையவில்லை.

“புதன்கிழமையும் ஓடிச்சு, இல்ல மாமா?”

“ஓடிச்சு” என்றார். “நான்தான் நிறுத்தினேன்.”

கோபம் வருமென்று அவள் காத்திருந்தாள். வரவும் வந்தது. இரண்டு நாளாக நாத்தனார் தன் கையைப் பழித்துக்கொண்டு அலைகிறாள், இவள் குளியலறையில் அழுகிறாள், இந்த மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் ஆட்டிவைத்திருக்கிறார்!

“ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? எனக்கு இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் நேரம். தெரியுமில்ல?”

“தெரியும்மா.” அவர் திரையைப் பார்த்தபடியே பேசினார். “அவ டிஸ்க்கைப் போட்டுட்டுப் போயிட்டா. வண்டி கிளம்பிடுச்சு. திரும்பிப் பாக்கறேன், ஸ்டூல் காலி. காலி வண்டின்னா டெப்போவுக்குத்தான்மா போகும். வண்டிய நிறுத்தறதுக்குத்தான் போகும். எனக்குப் பிடிக்கல, நிறுத்திட்டேன். உன்னைக் கட்டிப்போடணும்னு நெனைக்கல. நெனைக்கலன்னு சொன்னா அதுவும் பொய்தான்.”

அவளுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. டிஸ்க் பிரச்சினை என்றால் டிஸ்க்கை மாற்றலாம். இதற்கு எந்தக் கடையில் போய் என்ன கேட்பது?

“புள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லிடாதம்மா” என்றார் டிரைவர். குரல் தணிந்துவிட்டது. “ஒரு நாள்கூட வண்டில பொய் சொன்னதில்ல நான். இந்த வயசுல, பொய் சொல்லி மருமகளை நிறுத்திவெச்சான்னு அவங்க பேச வேணாம்.”

சொன்னால் அவள் போகலாம், அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் மானம் இருக்கும், அவள் இந்தக் கதவுக்குப் பின்னாலேயே இருக்க வேண்டியதுதான். அவள் டிஸ்க்கை வெளியே எடுத்து உறையில் போட்டாள். கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மத்தியானம் அப்பாவை எட்டிப் பார்க்க நாத்தனார் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே உறையைப் பார்த்துவிட்டாள். “அது ஓடாததுதானே, இன்னுமா வெச்சிருக்கே? தூக்கிப் போடும்மா, அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது.”

குப்பைக் கூடை பக்கத்தில்தான் இருந்தது. டிரைவர் மருமகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கம் திரும்பி டிஸ்க்கைத் தட்டில் வைத்துத் தள்ளினாள். கர்ரென்று செருமுகிற நேரம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

ரோடு வந்தது.

“அய்யய்யோ, இது நான் எழுதினதா?” என்றாள் நாத்தனார். “அப்பா, அன்னைக்கு ஓடலன்னீங்களே?”

டிரைவர் ரிமோட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“அன்னைக்குப் பெட்டி சூடாகியிருக்கும் அண்ணி” என்றாள் மருமகள். “பழசு இல்லையா, சில நேரம் அப்படித்தான் முரண்டு பிடிக்கும். கொஞ்சம் விட்டுப் போட்டா ஓடிடும். நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கு. நான் பூங்காவுல உட்கார்ந்திருந்தப்ப எழுதினதுதானே?”

“ஆமாம்ல? நீ தெருவுலகூட இல்லயே.” நாத்தனார் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அப்ப எனக்கும் கை வந்துடுச்சு! தம்பிகிட்ட நானே பேசறேன். நீ கிளம்பும்மா, நிம்மதியா போயிட்டு வா. அப்பாவுக்கு நானாச்சு. வாராவாரம் எழுதிப் போட்டுட்டுத்தான் ஆபீஸுக்கே போவேன்.” சாப்பாட்டைத் தட்டில் எடுத்துவைத்தாள், ஓடுகிற ரோட்டை ஒருமுறை பெருமையாகப் பார்த்தாள், நேரமாகிவிட்டதென்று கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் படியிறங்கும் சத்தம் கீழ்மாடி வரை கேட்டது.

வீட்டில் இரண்டு பேர்தான்.

“என்னைக் காட்டியும் குடுக்கல, நீயும் கழண்டுக்கிட்டே” என்றார் டிரைவர். “கெட்டிக்காரிம்மா நீ.” கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டினால் நன்றாயிருக்குமென்று இருந்தது.

“ஒரு வருஷம்தான் மாமா.”

“போயிட்டு வா. நல்லா கத்துக்கிட்டு வா. எனக்கும் ரெண்டு பல் ஆடுது.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். திரையில் மரங்கள் முடிந்து ஊர் ஒன்று வந்தது, கடைகள் வந்தன, யாரோ ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். டிரைவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பேருந்தில் ஏறின பயணி மாதிரி இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

“கொஞ்ச நேரம் உட்காரேன்” என்றார்.

லேப் அம்மாளுக்குப் போன் பண்ண வேண்டும். பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்கித் தூசி தட்ட வேண்டும். கணவன் வருவதற்குள் ரயிலுக்கு என்ன ஏதென்று பார்த்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஏதாவது சாக்குப் போக்குக் கிளம்பிவிடும். தலைக்குள் ஆயிரம் வேலை ஓடியது.

“இதோ வந்துடறேன் மாமா” என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மகன் காலையில் சொல்வது அதைத்தான். மகள் மத்தியானம் சொல்வது அதைத்தான். எட்டிப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அந்த நாற்காலியைத் தாண்டும்போது சொல்லிவிட்டுப் போவது அதைத்தான். அவள் மட்டும்தான் இதுவரை சொன்னதில்லை.

“சரிம்மா” என்றார் டிரைவர்.